அன்னபாக்கியத்தின் கூட்டிருப்பு

காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது என் மனைவி அன்னபாக்கியம் சத்தமாகச் சிரித்தாள். சித்திரபுரத்தில் எங்கள் கோயில் சின்னது. முன்னால் இருப்பவர் பெருமூச்சு விட்டால் கடைசி பெஞ்சில் கேட்கும். நல்ல வேளையாகப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, பை பிடிச்சிருக்கவரு மூஞ்சியப் பாருங்க, வட்டிக்காரன் வாசல்ல நிக்க மாதிரி" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வயதான காலத்தில் வந்த குறும்பு என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் நோயின் முதல் நாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னவர் எங்கள் ஐயர். போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். மூளையில் கட்டி வந்தவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றார். உதவுமா என்று எனக்குச் சந்தேகம்தான். நான் பள்ளிவாசல் என்ற ஊரில் மின்வாரிய ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போல்ட், நட்டு, பீங்கான் இன்சுலேட்டர் என்று வாழ்நாள் முழுக்க எண்ணி இறக்கி, எண்ணிக் கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். பிரசங்கத்தில் ஐயர் எத்தனை முறை "ஆகையால்" சொன்னார் என்று எண்ணுவேன். அன்னம் திட்டுவாள்: "ஆண்டவரு உங்க தலைமயிர எண்ணி வெச்சிருக்காராம். அவருக்கு வேல மிச்சம்னு நீங்களே எண்ணிட்டீங்க." என் தலையில் எண்ணுவதற்கு அதிகம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள்.

சிரிப்புக்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. குழம்பைப் புளி போடாமல் இறக்கினாள். குளித்த ஈரப் பாவாடையோடு ரோட்டுக்கு வந்து ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுகம் விசாரிக்க வந்த ஐயர் வீட்டம்மாவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறொன்று. இரவு ஜெபத்துக்கு முழங்காலில் நின்றால் அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். "கால் வலிக்கா?" என்று கேட்டேன். "இல்ல, சலிப்பா இருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைவிட நீளமாக ஜெபித்தவள் அவள். நான் பட்டியல் போட்டு ஜெபித்து எழுந்துவிடுவேன். அவள் பட்டியல் இல்லாமல் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதுபோல ஜெபிப்பாள், நடுவில் சிரிப்பாள்கூட. இவ்வளவு வருஷம் பேசிக்கொண்டிருந்தவள் சலிப்பாக இருக்கிறது என்றால் மனுஷன் என்ன நினைப்பான்? விசுவாசத்தில் பின்வாங்கிப் போனாள் என்று நினைத்தேன். டாக்டரிடம் போக வேண்டும் என்று தோன்றவில்லை. உபவாசம் இருந்தேன்.

ஒரு காலையில் அடுப்பங்கரையில் விழுந்து, கை கால் வெட்டி இழுத்தபோதுதான் வண்டி பிடித்து அடிமாலிக்குப் போனோம். அங்கே எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். நேரியமங்கலம் பாலம் தாண்டி, கோதமங்கலமும் தாண்டிப் போனால் வரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மலையிறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவள் என் தோளில் சாய்ந்து, "இந்த டிரைவருக்கு யாரு லைசன்ஸ் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டிரைவர் கோபிக்கவில்லை. "அம்மச்சி சொல்றது சரிதான்" என்று சொல்லி வேகத்தைக் குறைத்தார். முன்பின் தெரியாதவர். அந்த மாதங்களில் எங்களுக்குக் கிடைத்த தயவுகளில் அதுவும் ஒன்று.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பெரிய காந்தம் வைத்து மூளையின் மெல்லிய சதையைக்கூடத் தனித்தனியாகக் காட்டும் படம் அது. வலியில்லை, ஆனால் தகரக் கொட்டகைமேல் கல்லடிப்பதுபோலச் சத்தம். டாக்டர் அம்மா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மலையாளி, தமிழ் நன்றாகவே பேசினார். நெற்றிக்குப் பின்னால், வலப்பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வீக்கம்.

"இந்தப் பாகம்தான் எதைப் பேசலாம், எதை அடக்கணும், எதுக்கு வெட்கப்படணும்னு பார்க்குது. ஒரு காரியத்துல மனசு நிக்கறதும் இங்கதான். அம்மா திட்டினா நீங்க மனசுல வைக்கக் கூடாது. திட்டறது அம்மா இல்ல, கட்டி" என்றார்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஜெபத்தை விட்டு எழுந்துபோனது அவளில்லை. சலிப்பும் அவளுடையதில்லை. அன்று மத்தியானம் கேன்டீனில் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் கை கழுவும்போதே அடுத்த எண்ணம் வந்துவிட்டது. திட்டுவது அந்தச் சதை என்றால், இத்தனை வருஷம் ஜெபித்தது எந்தச் சதை? கெட்டுப்போன இடத்தில் கெட்ட பேச்சு இருக்கிறது என்றால், நன்றாக இருந்த காலத்தில் அதே இடத்தில் நல்ல பேச்சு இருந்தது, அவ்வளவுதானா? அப்படியானால் ஆத்துமா என்று ஒன்று எங்கே இருக்கிறது? டாக்டர் அம்மாவிடம் இதைக் கேட்க முடியாது. அவர் அறைக்கு வெளியே இன்னும் பதினான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கூட்டிருப்பு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், மலையாளம் தெரியாமல் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக. நோயாளியோடு துணைக்குத் தங்குகிறவரை இங்கே அப்படிச் சொல்லுவார்கள். ஒருவருக்குத்தான் அனுமதி. அவருக்கு நீல அட்டை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வலிப்பு அடங்கும்வரை அவளை ஐ.சி.யூவில் வைத்திருந்தார்கள், அதற்கு உள்ளே துணை ஆள் இருக்க முடியாது. எதிரே உள்ள ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, நல்லதோ கெட்டதோ சொல்ல, கதவருகே உள்ள மைக்கில் நோயாளியின் பெயரைச் சொல்லி, "கூட்டிருப்பு ஆரா?" என்று, கூட வந்தவர் யார் என்று, மலையாளத்தில் கேட்பார்கள். உடனே எழுந்து ஓட வேண்டும். அந்த ஹாலில் யாரும் நன்றாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. மைக் கரகரத்தால் எல்லாருடைய கழுத்தும் ஒரே சமயத்தில் நிமிரும். பெயர் சொன்னதும் ஒருவர் மட்டும் எழுந்திருக்க, மற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

எங்கள் சபையில் சிலருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு. விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு நன்றி. எனக்கு இது பிடித்தமான வழக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஹாலில் உட்கார்ந்து தொடங்குவேன். இருநூறு தாண்டும்போது மைக் கரகரக்கும். எங்கே விட்டேன் என்று தெரியாது. மறுபடியும் ஒன்றிலிருந்து. ஒரு நாளும் ஆயிரம் முடியவில்லை.

ஆபரேஷன் நாள் குறித்தார்கள். அதற்கு முன்பு அவளுக்குத் திருவிருந்து கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். எங்களில் இது வழக்கம்தான். பெரிய ஆபரேஷன் என்றால் ஐயரை வரவழைத்து அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கச் சொல்வோம். ஐயர் இரண்டு பஸ் மாறி, சின்ன மரப்பெட்டியோடு வந்தார். இளவயது, வழியில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தார். எங்கள் ஒரே மகன் சாம் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான்.

சாமைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அவன் வேறொரு சபைக்குப் போகிறான். உண்மையாக இரட்சிக்கப்பட்ட ஒருவர் அந்த இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பது அவர்கள் போதனை. நான் எங்கள் கோயிலில் கேட்டு வளர்ந்தது வேறு. இரட்சிப்பு கிடைத்துவிட்டது என்று அசந்து இருக்கக் கூடாது, கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், விட்டால் போய்விடும். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு வேளையில் இதே வழக்குதான். நான் ஒரு வசனம், அவன் ஒரு வசனம். அன்னம் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். "ரெண்டு பேரும் பரலோகம் போறதுக்கு முன்னால தட்டக் கழுவிட்டுப் போங்க" என்பாள். அவள் எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

வார்டில் திரையை இழுத்துவிட்டோம். ஐயர் சுருக்கமாக ஜெபித்து அப்பத்தை எடுத்தார். அவர் அப்படியே கொடுத்திருப்பார். நான்தான் தடுத்தேன். எதையும் சரிபார்க்காமல் உள்ளே எடுக்காத ஸ்டோர்காரன் புத்தி.

"ஐயா, ஒரு நிமிஷம். அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு குடுங்க."

"வேண்டாமே ஐயா. களைப்பா இருக்காங்க" என்றார் ஐயர்.

"சொல்லட்டும்" என்றான் சாமும். அந்த ஒரு விஷயத்தில் அப்பனும் மகனும் ஒத்துப்போனோம்.

நான் குனிந்து, "அன்னம், ஏசு சாமி என் இரட்சகருன்னு ஒரு தடவ சொல்லு" என்றேன்.

"யாரு?"

"ஏசு சாமிட்டி."

அவள் என்னையும் ஐயரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "அவர எனக்குத் தெரியாது. வேணும்னா நீங்க வெச்சுக்கோங்க."

ஐயர் மறுபடியும் அப்பத்தை உதட்டருகே கொண்டுபோனார். புறங்கையால் தட்டிவிட்டாள். அது போர்வையில் விழுந்தது. ஐயர் அதை எடுத்துத் தானே உண்டார். கிண்ணத்தில் ஊற்றியதைக் கீழே கொட்டக் கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தானே குடித்தார்.

வராந்தாவில் நாங்கள் மூவரும் நின்றோம். ஆண்டவரை மனிதர் முன் மறுதலிப்பவரை அவரும் மறுதலிப்பார் என்ற வசனம் மூன்று பேர் தலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சாம்தான் முதலில் அழுதான். "அப்பா, நெசமா இருந்தா அது போகாதுப்பா. போகவே போகாது. அப்ப... அம்மாகிட்ட அது இருந்ததே இல்லியோ?"

அவனை அறையலாம்போல இருந்தது. பிறகுதான் என் பக்கத்தைப் பார்த்தேன். என் கணக்குப்படி அவளிடம் இருந்தது, இப்போது தொலைந்தது. அவன் கணக்குப்படி சரக்கே வந்து இறங்கவில்லை. இரண்டிலும் கடைசியில் இருப்பு சுழிதான். இத்தனை வருஷம் நாங்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாதாடியபோது, சோறு போட்டவள் இரண்டு போதனையிலும் இடமில்லாமல் வெளியே நிற்கப்போகிறாள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஐயரிடம் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. படிச்சவங்க. போச்சா, போகலியா?"

"வசனம் கடுமையாத்தான் இருக்கு, ஐயா. இல்லன்னு நான் சொல்ல முடியாது. அம்மாவப் பார்த்தா, போச்சுன்னும் சொல்ல வரல. எனக்குத் தெரியல" என்றார். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று பெட்டியை எடுத்துக்கொண்டார். பொய் சொல்லாமல் போனாரே என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய் தேவையாக இருந்தது.

மறுநாள் செல்லம்மா வந்தாள். பள்ளிவாசல் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து அன்னத்துக்குச் சிநேகிதி. முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முறுக்குச் சுற்றுபவளும் அவள்தான். தூக்கில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்திருந்தாள். தலையை மழிக்க ஆள் வருவதற்கு முன், தானே எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னிவிட உட்கார்ந்தாள்.

"மழிக்கப் போற தலைக்கு எதுக்கு எண்ணெய்?" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க அண்ணாச்சி. மொட்டையடிக்கப் போற பிள்ளைக்கும் தலைவாரித்தான் கூட்டிட்டுப் போவோம்."

அன்னம் திரும்பி அவளைப் பார்த்து, "ஏட்டி, நீ திருடிதான? எங்கூட்டு அரிசிய எடுத்தது நீதான?" என்றாள். செல்லம்மா சீப்பை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். நான் பின்னால் ஓடியும் நிற்கவில்லை. அரைமணி கழித்துத் திரும்பி வந்தாள்.

"பஸ் இல்லியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பஸ் போச்சு. ஏறல." மறுபடியும் சீப்பை எடுத்தாள். "பாதி சடை பின்னிட்டுப் போயிட்டா ஆளுக என்ன சொல்லுவாக?" அன்னத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "திருடிதாண்டி நானு. அசையாம இரு" என்றாள்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மாலையில்தான் முடிந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லை. வேர்போல உள்ளே ஓடியிருக்கிறது, எல்லாவற்றையும் தோண்டினால் பேச்சும் நடையும் போய்விடும் என்றார் டாக்டர் அம்மா. எடுத்ததைப் பரிசோதித்ததில் நான்காம் நிலை என்று வந்தது. இந்தக் கட்டியில் நிலை என்பது எவ்வளவு தூரம் பரவியது என்பதில்லை. எவ்வளவு வேகமாக வளரும் என்பது. நான்குக்கு மேல் இல்லை. செலவைப் பற்றி எழுத விரும்பவில்லை. காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் கழிந்தது. மீதிக்குச் சாம் தன் வண்டியை விற்றான். அதை என்னிடம் சொல்லவில்லை. அடுத்த முறை பஸ்ஸில் வந்தபோது நானே புரிந்துகொண்டேன். இரட்சிப்பைப் பற்றி அவன் என்ன போதித்தாலும் சரி, என் மகன் நல்ல மகன்.

ஐ.சி.யூவில் பார்க்க அனுமதித்தார்கள். சாமும் நானும் போனோம். தலை முழுக்கக் கட்டு. கண் திறந்திருந்தது. நர்ஸ், "அம்மச்சி, இது ஆரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

அன்னம் நன்றாகப் பார்த்தாள். "தெரியாது. எவனோ கிழவன். வெளிய போகச் சொல்லு."

"அம்மா, அப்பாம்மா" என்றான் சாம்.

"எவனுக்கு அப்பன்? போகச் சொல்லு. பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்றது என்னைக் குத்திவிட்டது. நான் வெளியே வந்தேன். கதவருகே வந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. எழுதினால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அப்போது அது முறையாகப்பட்டது. இந்த அட்டை அவளுடைய ஆள் என்பதற்காகக் கொடுத்தது. அவளே என்னைத் தெரியாது என்கிறாள். பிறகு நான் எந்த உரிமையில் இதை மாட்டிக்கொண்டிருப்பது? கயிற்றைக் கழற்றி நர்ஸிடம் நீட்டினேன்.

"இது எந்தா?"

"அவளுக்கு என்னத் தெரியல, சிஸ்டர். பயப்படறா. மகன் பேருக்கு மாத்திக்கோங்க."

அந்தப் பெண் ஒரு கையில் ஊசியும் ஒரு கையில் பைலுமாக நின்றவள், என்னைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். "எண்டெ அப்பச்சா! பாஸ் அம்மச்சி தந்ததா? நாங்க தந்தது. பேஷண்ட் சொன்னா பாஸ் போகாது. அப்படிப் போனா இந்த ஹால்ல ஒரு ஆளும் இருக்காது. போய் உட்காருங்க. கூப்பிடும்போ வரணும்." அட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

நான் போய் உட்கார்ந்தேன். அட்டையை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவள் பெயர் வந்தது. ஏதோ மருந்து வாங்கி வர வேண்டுமாம். எழுந்து ஓடினேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு, வீக்கம் வடிய மருந்து ஏற்றினார்கள். அது பிடித்த நாட்களில் மூடுபனி விலகினாற்போலக் கொஞ்சம் தெளிவு வரும். நம்பிவிடாதீர்கள், நிலைக்காது என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் அப்படி வந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கறிவேப்பிலச் செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?" என்றாள். அவள் குரல். அவளுடைய குரலேதான்.

"செல்லம்மா ஊத்துறா" என்றேன்.

"அவ நெறைய ஊத்திருவா. வேர் அழுகிரும். சொல்லுங்க." பிறகு என் கையைப் பார்த்து, "கொட்டைய எடுத்துட்டுக் குடுங்க" என்றாள்.

எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அவள் பாதங்களைப் பார்த்தேன், நகம் வளர்ந்திருந்தது. வெட்டிவிட உட்கார்ந்தேன். அப்போது கேட்டிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஏசு சாமியத் தெரியுமா அன்னம்? ஒரே ஒரு "ஆமா" கிடைத்திருந்தால் அதை வைத்துக்கொண்டு மீதி நாட்களைக் கழித்திருப்பேன். ஒரு கால் முடிந்து மறு காலுக்கு வந்தேன். அவள் ஆரஞ்சைச் சப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. படுக்கையில் கிடப்பவளைத் தினம் பரீட்சைக்கு உட்காரவைப்பது எனக்கே அருவருப்பாகத் தோன்றியது.

சாயங்காலம் சாம் போனில், "தெளிவா இருந்தாங்களாமே. கேட்டீங்களாப்பா?" என்றான்.

"நகம் வெட்டிவிட்டேன்" என்றேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கறிவேப்பிலைச் செடி பிழைத்திருந்தது. சில வாரங்கள் ஓடின. கதிர்வீச்சுக்காகத் திரும்பக் கீழே போனபோது வலிப்பு வந்து, மறுபடியும் ஐ.சி.யூவில் சேர்த்தார்கள். அதற்குப் பின் சளி நுரையீரலில் இறங்கியது. விழுங்கும் சக்தி போகும்போது உணவும் எச்சிலும் மூச்சுக்குழாயில் போய்விடும். இந்த நோயில் பலருக்கு முடிவு அப்படித்தான் வருமாம். பேச்சு நின்றுபோயிற்று. திட்டுக்கூட இல்லை. அந்தத் திட்டுக்கு நான் ஏங்குவேன் என்று யார் கண்டது?

ஒரு மத்தியானம், ஹாலில் எல்லாரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மைக் கரகரத்தது. "அன்னபாக்கியத்திண்டெ கூட்டிருப்பு ஆரா?" குரலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், மகனுக்காகப் பல நாளாகக் காத்திருப்பவர், சோற்றுக் கையோடு என் முழங்கையைத் தாங்கித் தூக்கிவிட்டார். "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு போனேன்.

கோயில் பலகையில் ஒட்டும் மரண அறிவிப்புகளை எப்போதும் நான்தான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றும் ஐயர் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பெயர் எழுதினேன். வயது எழுதினேன். அடுத்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுத வேண்டும். இதுவரை யாருக்கு எழுதும்போதும் அந்தச் சொல்லில் என் பேனா நின்றதில்லை. நின்றது. தெரியாதவருக்குள் எப்படி நித்திரையடைவது?

சாம் என் தோளுக்குமேல் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வீங்கியிருந்தது. "வெறும் மரித்தார்னு போட்டாப் போதும்பா. பொய் எழுதினதா இருக்க வேண்டாம்." கொடுமைக்காகச் சொல்லவில்லை. தாயைப் பற்றிப் பொய் எழுத அவனுக்கு மனம் வரவில்லை.

"சாம், உங்கம்மா என்னத் தெரியாதுன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"அன்னையிலிருந்து நான் அவளுக்கு யாரு?"

அவன் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான்.

"நான் பாஸைத் திருப்பிக் குடுக்கப் போனேன். எடுத்துக்க மாட்டேன்னுட்டா அந்த நர்ஸ் பொண்ணு. உங்கம்மா குடுத்தது இல்லியாம் அது."

நான் குனிந்து எழுதினேன். கர்த்தருக்குள். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சாம் வெளியே போய் முற்றத்தில் நின்றான். பிறகு உள்ளே வந்து, தாளை எடுத்துக்கொண்டு, தானே போய்ப் பலகையில் ஒட்டிவிட்டு வந்தான். அவன் மனம் மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்பதில்லை.

மறுதலிப்பைப் பற்றிய அந்த வசனம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல புத்தியோடு, தெரிந்தே விட்டுப்போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. நர்ஸ் சொன்னதை வேதத்தோடு சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால் ஐயரிடம் அனுப்பிவிடுவேன். நீல அட்டையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஸ்டோரில் வேலை பார்த்தவன் செய்யக் கூடாத காரியம்.

இப்போதும் ராத்திரியில் முழங்காலில் நின்று ஆயிரம் ஸ்தோத்திரத்தைத் தொடங்குகிறேன். பாதியில் விட்டுப்போகிறது. அந்த ஐ.சி.யூ. கதவுதான் கண்ணில் வந்து நிற்கிறது. உள்ளே கிடப்பவளுக்கு யாரையும் தெரியாது, தன்னையே தெரியாது. மைக்கில் அவள் பெயரைச் சொல்லி, கூட வந்தவர் யார் என்று கேட்கிறார்கள். அவள் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. ஹாலில் ஒருவர் எழுந்து, "நான்தான்" என்று சொல்ல வேண்டும். என்னால் அன்று முழுதாக எழுந்திருக்க முடியவில்லை. ஆண்டவர் எழுந்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அதற்குமேல் எண்ண எனக்குத் தெரியவில்லை.